ஆங்கிலத் தேர்வின் அறுபது நிமிடங்கள்: வாசிப்பைக் கற்றுத்தர வேண்டியது யார்?

பஞ்சாப் மாநிலத்தின் பதிண்டா நகரில் அஜித் சாலை என்றொரு தெரு இருக்கிறது. பருத்தி விளையும் மால்வா வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து காலைப் பேருந்துகளில் வந்திறங்கும் இளைஞர்களும் இளம்பெண்களும் அந்தச் சாலையை நோக்கித்தான் நடக்கிறார்கள். இருபுறமும் உள்ள கட்டடங்களின் மாடிகளில் ஆங்கிலத் தேர்வுக்கான பயிற்சி மையங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. கனடா நாட்டுக் கொடி, புறப்படும் விமானம், சென்ற மாதம் உயர்ந்த மதிப்பெண் எடுத்தவர்களின் முகங்கள் ஆகியவை விளம்பரப் பலகைகளை நிறைத்திருக்கின்றன. தேர்வின் பெயர் ஐஇஎல்டிஎஸ். பஞ்சாபி நாவில் அது 'ஐலட்ஸ்' ஆகிவிட்டது. ஜலந்தர், மோகா, சங்ரூர் என்று எந்த நகருக்குப் போனாலும் ஏறத்தாழ இதே காட்சிதான்.

இந்த மையங்கள் விற்கும் சரக்குகளில் முதன்மையானது, வாசிப்புப் பகுதியில் வெற்றி பெறுவதற்கான 'உத்திகள்'. உரைப்பகுதியைப் படிக்காமலே விடை காண்பது எப்படி, பத்தே நாளில் மதிப்பெண்ணை உயர்த்துவது எப்படி என்றெல்லாம் அவற்றுக்கு ஆசை வார்த்தைகள் பூசப்படுகின்றன. அந்த உத்திகள் எவை? அவை உண்மையில் பயன் தருமா? ஒரு சிறு விவசாயியின் மகள் அவற்றைக் கடன் வாங்கிய பணத்தில் ஏன் வாங்க வேண்டியிருக்கிறது? இடதுசாரி ஏடு ஒன்று இதைப் பற்றி எழுத வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். உழைக்கும் மக்களின் பிள்ளைகள் இலட்சக்கணக்கில் எழுதும் தேர்வு எதுவாயினும் அது நம்முடைய விவகாரமே.

மொழி என்னும் வாயிற்கதவு

மொழித் தேர்வை நாட்டின் வாசலில் நிறுத்துவது நேற்று தோன்றிய வழக்கமல்ல. 1901இல் ஆஸ்திரேலியா இயற்றிய குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம், வருபவர்களுக்கு ஐரோப்பிய மொழி ஏதேனும் ஒன்றில் ஐம்பது சொற்கள் கொண்ட ஒரு பகுதியை வாசித்து, அதைப் பிழையின்றி எழுதச் சொல்லும் அதிகாரத்தை அதிகாரிகளுக்கு அளித்தது. எந்த மொழி என்பதை அதிகாரியே தீர்மானிப்பார். ஆசியர்களைத் தடுப்பதற்காக வகுக்கப்பட்ட அந்தத் தேர்வு, வேண்டாதவர் எவரையும் தடுக்கப் பயன்பட்டது. 1934இல் போர் எதிர்ப்பு மாநாட்டுக்காகச் சென்ற செக் நாட்டுக் கம்யூனிஸ்ட் எழுத்தாளர் எகோன் எர்வின் கிஷ் பல மொழிகள் அறிந்தவர். எனவே அவருக்கு ஸ்காட்டிஷ் கேலிக் மொழியில் தேர்வு வைத்தார்கள். அந்நாட்டு உயர்நீதிமன்றமே பின்னர் அதைச் செல்லாததாக்கியது. அந்தத் தேர்வு முறை 1958 வரை சட்டத்தில் நீடித்தது.

கனடாவின் கதையும் நாம் அறிந்ததே. சொந்த நாட்டிலிருந்து இடையில் எங்கும் நில்லாமல் வரும் பயணிகளுக்கு மட்டுமே அனுமதி என்று 1908இல் அது விதி வகுத்தது. அந்த விதியை எதிர்கொண்டு 1914இல் வான்கூவர் துறைமுகத்துக்குச் சென்ற கோமகதா மாரு கப்பலின் 376 பயணிகளில் பெரும்பாலோர் பஞ்சாபியர். மிகச் சிலரைத் தவிர மற்ற அனைவரும் திருப்பி அனுப்பப்பட்டனர்.

இன்றைய தேர்வை அவற்றோடு அப்படியே சமப்படுத்துவது நேர்மையாகாது. 1989இல் நடைமுறைக்கு வந்த ஐஇஎல்டிஎஸ் இனத்தைப் பார்த்துக் கேள்வியை மாற்றுவதில்லை. வேற்று நாட்டு வகுப்பறையிலோ மருத்துவமனையிலோ நுழைபவருக்கு அங்குள்ள மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பதும் நியாயமே. ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. வாயிற்கதவைத் திறக்கவும் மூடவும் முடிவெடுப்பவை பணக்கார நாடுகளின் அரசுகள். கதவருகே கட்டணம் வசூலிப்பவை பெரும் நிறுவனங்கள். பிரிட்டிஷ் கவுன்சில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவு, ஆஸ்திரேலியப் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட ஐடிபி ஆகியவை இத்தேர்வின் கூட்டு உரிமையாளர்கள். 2021இல், இந்தியாவில் பிரிட்டிஷ் கவுன்சில் நடத்திவந்த தேர்வு வணிகத்தை மட்டும் ஐடிபி 13 கோடி பவுண்டுக்கு வாங்கியது. நம் பிள்ளைகளின் ஏக்கத்துக்குச் சந்தை நிர்ணயித்த விலை அது.

யார் எழுதுகிறார்கள்?

பஞ்சாபில் இத்தேர்வை எழுதுபவர்களில் கணிசமானோர் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தவர்கள். துண்டு துண்டாகிப்போன நிலம், வற்றிவரும் நிலத்தடி நீர், தீராத கடன், நிரப்பப்படாத அரசுப் பணியிடங்கள் ஆகிய எல்லாம் சேர்ந்து அவர்களை விமானத்தை நோக்கித் தள்ளுகின்றன. திருமணச் சந்தைக்குள்ளும் இந்த மதிப்பெண் நுழைந்துவிட்டது. பெண் தேர்வில் தேறியிருந்தால் போதும், வெளிநாட்டுப் படிப்புச் செலவை மணமகன் வீட்டார் ஏற்பார்கள். பெண் முன்னே போவாள், கணவன் பின்னே போவான் என்ற ஒப்பந்தத் திருமணங்கள் பஞ்சாபில் ஊரறிந்தவை. ஒரு பெண்ணின் வாசிப்புத் திறன் வரதட்சணையின் புதிய நாணயமாக மாறியிருக்கிறது.

இந்த ஏற்பாடு முழுவதும் மற்றொரு நாட்டின் ஒரு சுற்றறிக்கையில் தொங்குகிறது. 2024 ஜனவரியில் கனடா மாணவர் அனுமதிகளுக்கு உச்சவரம்பு விதித்தது. முந்தைய ஆண்டைவிட 35 விழுக்காடு குறைத்தது. மாணவர் கையிருப்பாகக் காட்டவேண்டிய தொகையை 10,000 டாலரிலிருந்து 20,635 டாலராக உயர்த்தியது. பட்டப்படிப்பு, கல்லூரி மாணவர்களின் வாழ்க்கைத் துணைக்கு வழங்கிவந்த வேலை அனுமதியையும் பெருமளவு வெட்டியது. விரைவான பரிசீலனைக்காக 2018இல் தொடங்கிய தனி வழியை 2024 நவம்பரில் மூடிவிட்டது. தேர்வு முடிவு செல்லுபடியாவது இரண்டே ஆண்டுகள். கதவு மூடியிருந்த காலத்தில் அந்த இரண்டாண்டு கழிந்துபோனவர்கள் மறுபடியும் பணம் கட்டி, மறுபடியும் எழுத வேண்டும்.

இன்னொரு பெரும் பிரிவினர் செவிலியர். கேரளத்தில் மட்டுமின்றி நாட்டின் எல்லா மாநிலங்களிலும் படித்து, டெல்லி, மும்பை தனியார் மருத்துவமனைகளில் பணிபுரியும் பெண்கள் பிரிட்டனுக்கோ அயர்லாந்துக்கோ செல்ல ஐஇஎல்டிஎஸ் தேர்வையோ, மருத்துவத் துறையினருக்கான ஓஇடி தேர்வையோ எழுதுகிறார்கள். உச்சநீதிமன்ற உத்தரவின்பேரில் அமைந்த குழு 2016இல், ஐம்பது படுக்கைகளுக்கும் குறைவான தனியார் மருத்துவமனையிலும் செவிலியரின் மாத ஊதியம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை பெரும்பாலான இடங்களில் காகிதத்திலேயே கிடக்கிறது. ஒரு முறை ஐஇஎல்டிஎஸ் எழுதுவதற்கான கட்டணமோ இன்று 17,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. பரிந்துரைக்கப்பட்ட ஊதியமே கிடைத்தாலும் ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளத்தை ஒரு தேர்வு விழுங்கிவிடும்.

பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்ய வாசிப்பில் 7 மதிப்பெண் வேண்டும். அதற்கு நாற்பது கேள்விகளில் சுமார் முப்பதுக்குச் சரியான விடை தேவை. 29 என்றால் 6.5தான். ஒற்றைக் கேள்வி ஒரு மாதச் சம்பளத்தைப் பறித்துக்கொள்கிறது. அந்த ஒற்றைக் கேள்வியின் அச்சத்தைத்தான் பயிற்சி மையங்கள் முதலீடாக்குகின்றன.

அறுபது நிமிடத்தில் கேட்கப்படுவது என்ன?

உயர்கல்விக்கான ஐஇஎல்டிஎஸ் வாசிப்புப் பகுதியில் மூன்று நீண்ட உரைப்பகுதிகள் இருக்கும். மொத்தம் 2,150 முதல் 2,750 சொற்கள் வரை. நாற்பது கேள்விகள், அறுபது நிமிடங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு மதிப்பெண். விடைகளைத் தாளில் எடுத்தெழுதக் கூடுதல் நேரம் கிடையாது. தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கப்படுவதில்லை. உரைப்பகுதிகள் நூல்கள், இதழ்கள், செய்தித்தாள்களிலிருந்து எடுக்கப்படுகின்றன. பொதுவாகப் போகப்போகக் கடினமாகும்.

இதற்கான உத்திகளில் இரகசியம் என்று எதுவுமில்லை. இரும்புப் பெட்டியில் வைத்து விற்பதற்கு அவற்றில் ஒன்றுமில்லை என்பதால் இங்கே சுருக்கமாகவே சொல்லிவிடலாம்.

முதலாவது, நேரப் பங்கீடு. மூன்று உரைப்பகுதிகளுக்கும் இருபது இருபது நிமிடம் என்று சமமாகப் பிரிப்பதைவிட, எளிதான முதல் பகுதியைப் பதினைந்து நிமிடத்தில் முடித்து, கடினமான மூன்றாவதற்கு இருபத்தைந்து நிமிடம் வைத்துக்கொள்வது பலருக்கும் பொருந்துகிறது. ஒரே கேள்வியில் இரண்டு நிமிடத்துக்கு மேல் சிக்கிக்கொள்ளக் கூடாது. கழித்தல் மதிப்பெண் இல்லாததால் எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடவும் கூடாது.

இரண்டாவது, மேலோட்ட வாசிப்பு. தலைப்பு, ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியம், முடிவுப் பத்தி ஆகியவற்றை இரண்டு மூன்று நிமிடத்தில் கண்ணோட்டமிட்டு, எந்தப் பத்தி எதைப் பற்றியது என்று ஓரத்தில் ஒரு சொல் குறித்துக்கொள்வது. புது ஊருக்குப் போனவர் முதலில் கடைத்தெரு எங்கே, பேருந்து நிலையம் எங்கே என்று தெரிந்துகொள்வதைப் போன்றது இது.

மூன்றாவது, தேடி வாசித்தல். பெயர், ஆண்டு, எண், ஊர் ஆகியவை உரைப்பகுதியில் கண்ணில் படுபவை. கேள்வியில் அவை இருந்தால் நேரே அந்த இடத்துக்குப் போய், முன்னும் பின்னும் உள்ள இரண்டு மூன்று வாக்கியங்களை நிதானமாகப் படிக்க வேண்டும். கூற்றுகளைச் சரிபார்க்கும் கேள்விகள் பெரும்பாலும் உரைப்பகுதியின் வரிசையிலேயே வரும். ஒன்றாம் கேள்விக்கு விடை கிடைத்த இடத்துக்குக் கீழேதான் இரண்டாவதைத் தேட வேண்டும். பத்திகளுக்குத் தலைப்பைப் பொருத்தும் கேள்விகளில் அந்த வரிசை இராது. அங்கே எடுத்துக்காட்டையும் மையக் கருத்தையும் பிரித்தறிவதே வேலை.

நான்காவது, சொல் மாற்றத்தைக் கவனித்தல். உரையில் உள்ள அதே சொல் கேள்வியில் வருவது அரிது. 'விளைச்சல் சரிந்தது' என்று உரையில் இருந்தால், கேள்வியில் 'உற்பத்தி குறைந்தது' என்று இருக்கும். அதே சொல் அப்படியே வந்திருந்தால் அது பொறியாகவும் இருக்கலாம். 'எல்லா', 'சில', 'பெரும்பாலும்', 'மட்டுமே', 'கூடும்' போன்ற சிறு சொற்கள்தான் பல நேரங்களில் விடையை முடிவு செய்கின்றன.

ஐந்தாவது, அறிவுறுத்தலைப் படித்தல். இரண்டு சொற்களுக்கு மிகாமல் எழுதச் சொன்ன இடத்தில் மூன்று சொல் எழுதினால் விடை சரியாயினும் மதிப்பெண் இல்லை. எழுத்துப் பிழைக்கும் அதே கதிதான்.

செவிலியர் எழுதும் ஓஇடி தேர்வில் வாசிப்புக்கு 42 கேள்விகள். அதன் முதல் பகுதியில், ஒரே நோயைப் பற்றிய நான்கு சிறு உரைகளிலிருந்து இருபது விடைகளைப் பதினைந்து நிமிடத்தில் எடுக்க வேண்டும். தினமும் மருந்துச் சீட்டையும் நோயாளியின் பதிவேட்டையும் புரட்டி வேண்டிய ஒன்றைச் சில நொடிகளில் கண்டுபிடிக்கும் செவிலியருக்கு இந்தத் திறன் ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. பணியிடத்தில் தாம் செய்வதைத்தான் தேர்வும் கேட்கிறது என்பதை யாராவது எடுத்துச் சொன்னாலே அவருடைய பாதி அச்சம் விலகிவிடும்.

'சொல்லப்படவில்லை' என்னும் விடை

மாணவர்களை மிகவும் குழப்பும் கேள்வி வகை, ஒரு கூற்று 'சரி'யா, 'தவறா', 'சொல்லப்படவில்லையா' என்று தீர்மானிப்பது. இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். உரைப்பகுதி இப்படி இருப்பதாகக் கொள்வோம்: 'சட்லெஜ் ஆற்றின் குறுக்கே எழுப்பப்பட்ட பக்ரா அணை, 1963 அக்டோபரில் பிரதமர் நேருவால் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதன் கால்வாய்கள் இன்றைய பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான் மாநிலங்களின் வயல்களுக்கு நீரைக் கொண்டு சென்றன.'

முதல் கூற்று: அந்த அணையால் ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களின் வேளாண்மை பயனடைந்தது. சொற்கள் வேறாயினும் பொருள் ஒன்றே, எனவே 'சரி'. இரண்டாவது கூற்று: 1950க்கு முன்பே அணை நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. உரை இதை நேராக மறுக்கிறது, எனவே 'தவறு'. மூன்றாவது கூற்று: அணைக்காக வெளியேற்றப்பட்ட மக்களுக்கு முழுமையான இழப்பீடு வழங்கப்பட்டது. உரை இதைப் பற்றி வாய் திறக்கவில்லை, எனவே 'சொல்லப்படவில்லை'.

இமாச்சலத்தின் பழைய பிலாஸ்பூர் நகரம் அந்த அணையின் நீர்த்தேக்கத்தில் மூழ்கியதையும், வெளியேற்றப்பட்டவர்களின் குறைகள் பல பத்தாண்டுகள் தீராமல் கிடந்ததையும் அறிந்த மாணவர், மூன்றாவது கூற்றுக்குத் 'தவறு' என்று எழுதிவிட்டு மதிப்பெண்ணை இழப்பார். தேர்வில், தாம் அறிந்ததை ஒதுக்கி வைத்துவிட்டு உரை சொல்வதை மட்டும் பார்க்க வேண்டும். இந்த ஒழுங்கு முக்கியமானது. எழுதியிருப்பது வேறு, நாம் ஊகிப்பது வேறு என்று பிரித்தறியத் தெரியாதவரை வதந்தி எளிதில் ஏமாற்றும்.

ஆனால் தேர்வுக் கூடத்தைவிட்டு வெளியே வந்ததும் ஒரு குடிமகள் அடுத்த கேள்வியைக் கேட்டாக வேண்டும். அது ஏன் சொல்லப்படவில்லை? அரசின் அறிக்கையில் வளர்ச்சி விகிதம் இருக்கிறது, வேலையிழந்தோர் கணக்கு ஏன் இல்லை? பயிற்சி மையத்தின் பலகையில் தேறியவர்களின் முகங்கள் இருக்கின்றன, தேறாதவர்கள் எத்தனை பேர் என்பது ஏன் இல்லை? நல்ல வாசிப்புக் கல்வி இந்த இரண்டையும் கற்றுத்தரும். காசுக்கு விற்கப்படும் உத்தி முதலாவதோடு நின்றுவிடும்.

உத்தி தோற்கும் இடம்

மேலே சொன்ன உத்திகள் பொய்யல்ல. ஏற்கெனவே ஓரளவு வாசிக்கத் தெரிந்தவருக்கு அவை கைகொடுக்கும், நேரத்தை மிச்சப்படுத்தும், கவனக்குறைவால் போகும் மதிப்பெண்ணைக் காக்கும். வாசிக்கவே தடுமாறுபவருக்கு அவை உதவா. ஒரு வாக்கியத்தின் பொருள் பிடிபடாதவருக்கு அது எந்தப் பத்தியில் இருந்தால் என்ன? 'படிக்காமலே விடை காணலாம்' என்ற விளம்பரம், பசித்தவனிடம் சமையல் குறிப்பை விற்பதற்கு ஒப்பானது.

வாசிப்புத் திறன் பல ஆண்டுகள் நாள்தோறும் படித்து வளர்வது. அது முதலில் வேர்விடுவது தாய்மொழியில். ஒரு பத்தியின் மையக் கருத்தைப் பிடிப்பது, காரணத்தையும் விளைவையும் பிரிப்பது, ஆசிரியரின் சார்பை உணர்வது ஆகியவற்றை ஒரு மொழியில் கற்றவர் மற்றொரு மொழிக்கும் எடுத்துச் செல்கிறார் என்பதை மொழிக்கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1970களின் இறுதியிலிருந்தே வாதிட்டு வருகிறார். பஞ்சாபியில் ஒரு தலையங்கத்தைப் படித்து அதன் வாதத்தைச் சுருக்கிச் சொல்லத் தெரிந்த மாணவிக்கு ஆங்கிலத்தில் சொற்களும் இலக்கணமும்தான் புதிதாகத் தேவைப்படும். அது தெரியாதவருக்கு எல்லாமே புதிது.

நம் பள்ளிகளின் நிலை என்ன? 2024ஆம் ஆண்டின் ஏசர் கள ஆய்வின்படி, கிராமப்புற அரசுப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் குழந்தைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தம் பள்ளி மொழியில் வாசிக்க முடிந்தவர்கள் 44.8 விழுக்காட்டினரே. குற்றம் அந்தக் குழந்தைகளுடையது அன்று; அவர்களின் ஆசிரியர்களுடையதும் அன்று. நாட்டின் மொத்த உற்பத்தியில் 6 விழுக்காட்டைக் கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்று கோத்தாரி குழு 1966இல் கூறியது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கையும் அதே எண்ணைத் திரும்பச் சொல்கிறது. இன்றுவரை அந்த எண்ணை எட்டியதில்லை. ஓராசிரியர் பள்ளிகளும் பூட்டிக் கிடக்கும் நூலக அலமாரிகளும் அந்தப் பற்றாக்குறையின் கண்கூடான வடிவங்கள். பள்ளியில் அரசு கொடுக்கத் தவறியதைப் பன்னிரண்டாண்டு கழித்து அஜித் சாலையில் குடும்பம் விலை கொடுத்து வாங்குகிறது. தனியார்மயம் என்பதன் பொருள் இதுதான்.

ஆங்கிலத்தை வணங்குவதும் வெறுப்பதும்

ஆங்கிலத்தின் பெயரால் இரண்டு கூச்சல்கள் கேட்கின்றன. ஆங்கிலம் தெரியாவிட்டால் வாழ்வே இல்லை என்கிறது ஒன்று. அந்தக் கூச்சலில் மழலையர் வகுப்பிலேயே தாய்மொழி துரத்தப்படுகிறது. ஆங்கிலம் அடிமைச் சின்னம், அதற்காக நாளை வெட்கப்படுவோம் என்கிறது மற்றொன்று; அதை முழங்குபவர்களின் பிள்ளைகள் படிப்பதோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில்.

உழைக்கும் மக்களின் பார்வை இரண்டிலும் சேராது. சாவித்திரிபாய் புலே 1854இல் வெளியிட்ட தம் கவிதைத் தொகுப்பிலேயே ஒடுக்கப்பட்டோரை ஆங்கிலம் கற்க அழைத்தார். சாதியின் பெயரால் கல்வி மறுக்கப்பட்டவர்களுக்கு அதில் ஒரு திறவுகோலை அவர் கண்டார். அந்தத் திறவுகோல் இன்று கட்டணம் செலுத்துபவருக்கு மட்டுமே என்றாகிவிடக் கூடாது. தாய்மொழியில் ஆழமான கல்வி, அதன்மேல் ஆங்கிலத்தில் தரமான பயிற்சி என்ற இரண்டையும் அரசுப் பள்ளியே எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாகத் தர வேண்டும்.

வெளிநாடு செல்வோரைக் குறை சொல்வதும் நம் வேலையன்று. பிழைப்புக்காகக் கடல் கடந்த பஞ்சாபித் தொழிலாளர்கள்தாம் 1913இல் வட அமெரிக்க மண்ணில் கதர் கட்சியைக் கட்டினார்கள். மரம் அறுக்கும் ஆலைகளிலும் பண்ணைகளிலும் வேலை செய்துவிட்டு அவர்கள் ஒன்றாக உட்கார்ந்து படித்தது 'கதர்' பத்திரிகையை. உருதுவிலும் பஞ்சாபியிலும் வந்த அந்த ஏடு கண்டங்களைக் கடந்து சென்றது. ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்டு விவாதிக்கும் வாசிப்பு அவர்களை விடுதலை வீரர்களாக்கியது. போவதற்கான உரிமையையும், போகாமலே கண்ணியமாக வாழ்வதற்கான உரிமையையும் நாம் சேர்த்தே கேட்கிறோம்.

செய்ய வேண்டியவை

மாற்று வழி கற்பனையன்று. வெளிநாடுவாழ் கேரளத்தவருக்கான நோர்கா துறை 2023இல் திருவனந்தபுரத்தில் அயல்மொழிப் பயிற்சி நிறுவனம் ஒன்றைத் தொடங்கியது. ஐஇஎல்டிஎஸ், ஓஇடி, ஜெர்மன் மொழி ஆகியவற்றுக்கு அங்கே பயிற்சி தரப்படுகிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோருக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் கட்டணமில்லை. மற்றவர்களின் கட்டணத்தில் பெரும்பகுதி மானியம். ஒரு மாநில அரசால் இது முடியுமென்றால் மற்ற மாநிலங்களாலும் முடியும். வெளிநாடுவாழ் இந்தியர் அனுப்பும் பணத்தைப் பெருமையோடு பேசும் ஒன்றிய அரசால் இன்னும் பெரிதாகவே முடியும்.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. மாவட்டந்தோறும் அரசு மொழிப் பயிற்சி மையங்கள் வேண்டும். தேர்வுக் கட்டணத்துக்கு வரம்பும், ஏழை மாணவர்களுக்கும் செவிலியருக்கும் அதில் மானியமும் வேண்டும். பயிற்சி மையங்களும் பயண முகவர்களும் உண்மையான பதிவு, கண்காணிப்பின்கீழ் வரவேண்டும். போலிச் சேர்க்கைக் கடிதங்களால் ஏமாற்றப்பட்ட நூற்றுக்கணக்கான இந்திய மாணவர்கள் 2023இல் கனடாவிலிருந்து வெளியேற்றப்படும் ஆபத்தில் நின்றதை நாடு பார்த்தது. பள்ளிதோறும் நூலகரும், அட்டவணையில் அன்றாடம் ஒரு வாசிப்பு நேரமும் வேண்டும். செவிலியருக்கு 2016ஆம் ஆண்டுப் பரிந்துரையின்படியான ஊதியம் சட்டபூர்வமாக வேண்டும்.

கோரிக்கை வைத்துவிட்டுக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. வாலிபர், மாணவர், மாதர் அமைப்புகள் தத்தம் ஊரின் நூலகத்திலோ சங்க அலுவலகத்திலோ மாலை நேர வாசிப்பு வட்டங்களைத் தொடங்கலாம். தேர்வு நடத்தும் நிறுவனங்களே மாதிரி வினாத்தாள்களை இலவசமாக வெளியிடுகின்றன. வாரத்துக்கு ஒரு வினாத்தாளை அறுபது நிமிடத்தில் எழுதிப் பார்க்கலாம். அடுத்த நாட்களில், தவறிய ஒவ்வொரு விடைக்கும் ஏன் தவறினோம் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதலாம். சொல் தெரியவில்லையா, சிறு சொல்லைக் கவனிக்கவில்லையா, நேரம் போதவில்லையா, சொல்லப்படாததை ஊகித்துவிட்டோமா? இருபது வினாத்தாள்களை ஓடி ஓடி எழுதுவதைவிட ஐந்தை இப்படி ஆராய்வது மேல். மற்ற நாட்களில் ஓர் ஆங்கிலச் செய்திக் கட்டுரையைச் சேர்ந்து படித்து, அதைத் தாய்மொழியில் ஐந்து வரியில் சொல்லிப் பழகலாம். 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் மாவட்டத்தை முழு எழுத்தறிவு பெற்றதாக்கியவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். அந்த அனுபவம் நம்மிடம் இருக்கிறது.

ஜலந்தரில் கதர் வீரர்களின் நினைவாக எழுப்பப்பட்ட தேஷ் பகத் யாத்கார் மண்டபம் இருக்கிறது. அதற்குள் ஒரு நூலகமும் இருக்கிறது. அதே நகரின் தெருக்களில்தான் உத்திகளை விற்கும் பலகைகளும் தொங்குகின்றன. அந்தப் பலகைகளின்கீழ் நிற்கும் பிள்ளைகளை நூலகத்தின் மேசைக்கு அழைத்து வரவேண்டும். அறுபது நிமிடத் தேர்வில் அவர்கள் வெல்லட்டும்; எஞ்சிய வாழ்நாள் முழுதும், எழுதப்பட்டதையும் எழுதாமல் மறைக்கப்பட்டதையும் சேர்த்து வாசிக்கும் மனிதர்களாக அவர்கள் வளரட்டும். அந்தப் பொறுப்பை அரசு ஏற்கும்வரை போராடுவோம். ஏற்கும் நாள்வரை நம் மேசைகளில் விளக்கேற்றி வைப்போம்.